போகவா, நிற்கவா?
(ஆதார வேதபகுதி: அப்போஸ்தலர் 19:21-41, 21:1-14)



ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பு மாட்டுகிற இடத்தில் சிலர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்பதுண்டு. "பாஸ்டர், அந்த நாட்டில் கலவரமாம். டிக்கெட் போட்டாச்சு. போகலாமா, வேண்டாமா?" 2024 ஆகஸ்டில் வங்காளதேசத்தில் பிரதமரே நாட்டை விட்டு வெளியேறிய போதும், 2025 செப்டம்பரில் நேபாளத்தில் பாராளுமன்றக் கட்டிடம் எரிந்து காத்மாண்டு விமான நிலையம் மூடப்பட்ட போதும் இந்தக் கேள்வி வந்தது. மகன் வேலைக்குப் போகவேண்டும், மகள் பிரசவத்துக்கு அம்மா போகவேண்டும், ஊழியக்காரர் கூட்டத்துக்குப் போகவேண்டும். என்ன செய்வது?

சிலர் உடனே, "விசுவாசம் இருந்தா போங்க" என்கிறார்கள். சிலர், "புத்தி இருந்தா போகாதீங்க" என்கிறார்கள். விசுவாசத்தையும் புத்தியையும் இப்படி இரண்டு கட்சியாகப் பிரித்தது யார்? வேதம் பிரிக்கவில்லை. இந்தப் பாடத்தை நான் புஸ்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. வெட்கப்பட்டும் படித்தேன். அதை மறைக்காமல் சொல்லுகிறேன்.

என் பயணமும் என் பெருமையும்

2022 ஜூலை 14, 15, 16 தேதிகளில் இலங்கையில், மட்டக்களப்புப் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய சபையில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டங்களுக்கு என்னை அழைத்திருந்தார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்தெழுந்த ஞாயிறு அன்று அந்த நாட்டில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மரித்தார்களே, அதில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் ஒன்று. பிள்ளைகளும் மரித்தார்கள். அந்த ஊர் ஜனங்களைப் பார்க்கவேண்டும், அவர்களோடு உட்கார்ந்து ஜெபிக்கவேண்டும் என்ற பாரம் எனக்குள் இருந்தது உண்மை. ஆனால் பாரத்தோடு இன்னொன்றும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஜூலை 12-க்கு திருச்சியிலிருந்து கொழும்புக்கு டிக்கெட் எடுத்தேன். ஆபீசில் லீவு சொன்னேன். நோட்டீஸ் அடித்தாயிற்று. என் போட்டோவும் போட்டாயிற்று.

இதற்குள் அங்கே நிலைமை நாளுக்கு நாள் மோசமாயிற்று. கையில் டாலர் இல்லாமல், ஏப்ரல் 12-ல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கமே அறிவித்தது. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. மே 9-ல் கொழும்பு காலிமுகத்திடலில் போராட்டக்காரர்கள் தாக்கப்பட, நாடெங்கும் வன்முறை வெடித்து, பிரதமர் ராஜினாமா செய்தார். நம்முடைய தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பவுடரும் மருந்துகளும் அனுப்புவதாக அறிவித்து, மே மாதத்தில் முதல் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. ஜூன் கடைசியில் ஒரு லிட்டர் பெட்ரோல் 470 இலங்கை ரூபாய். அதுவும் ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

சபையில் ஒரு மூத்த சகோதரர் சொன்னார்: "பாஸ்டர், பேதுரு தண்ணி மேல நடந்தாரு. நீங்க ஒரு மணி நேரம் பிளேன்ல போக யோசிக்கிறீங்களே!" எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய்க் குத்திற்று. வீட்டில் என் மனைவி ஒன்றும் தடுக்கவில்லை. "என்னங்க, ஜெபிச்சுத்தான் முடிவு பண்ணீங்களா, இல்ல முடிவு பண்ணிட்டு ஜெபிக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டாள். பிரசங்கியாரின் மனைவி அல்லவா!

அங்கேயுள்ள போதகரிடம் போனில் கேட்டேன். "வாங்க பாஸ்டர், ஆண்டவர் பார்த்துக்கொள்ளுவார்" என்றார். ஜூன் 29, புதன்கிழமை மறுபடியும் போன் செய்தபோது அவருடைய மனைவி எடுத்தார்கள். தயங்கித் தயங்கிச் சொன்னார்கள்: "அண்ணன், இவர் உங்களிட்டச் சொல்லமாட்டார். உங்கள ஏத்தி இறக்கப் பெற்றோல் வேணும் எண்டு ரெண்டு நாளா வரிசையில நிக்கிறார். இரவும் அங்கதான் படுக்கிறார். காஸ் இல்ல, விறகிலதான் சமைக்கிறம். நீங்க வந்தா எங்களுக்குச் சந்தோசம்தான். ஆனா உண்மையச் சொல்லவேணும் எண்டு நினைச்சன்."

பிரியமானவர்களே, போனை வைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு என்ன ஆபத்து வரும் என்றே யோசித்துக்கொண்டிருந்தேனே தவிர, என்னால் அவர்களுக்கு என்ன பாரம் வரும் என்று ஒரு தரமாவது யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் முழங்காலில் நின்றபோது கர்த்தர் என் இருதயத்தைத் திறந்து காட்டினார். பாரத்தோடு இருந்த அந்த இன்னொன்று வெளியே வந்தது. திரும்பி வந்து, "கலவர பூமியில் ஊழியம் செய்தேன்" என்று சாட்சி சொல்ல ஆசை! வேறென்ன? பெருமை.

ஜூலை 3 ஞாயிறு ஆராதனையில், பயணத்தைத் தள்ளி வைக்கிறேன் என்று சபைக்கு அறிவித்தேன். டிக்கெட் காசில் ஒரு பகுதி போயிற்று.

அதே வாரம் இன்னொரு பயணம்

இங்கே நிறுத்தினால் பாடம் பாதிதான். நம் சபையில் ஒரு சகோதரி, திருகோணமலையிலிருந்து இங்கே மருமகளாக வந்தவர். அவருடைய தாயார் அங்கே படுத்த படுக்கையாயிருந்தார். நான் பயணத்தை நிறுத்திய அதே ஞாயிறு மாலை அவர் வந்து, "பாஸ்டர், நீங்களே போகல. நான் மட்டும் எப்படிப் போறது?" என்று அழுதார்.

நான் சொன்னேன்: "அம்மா, என் முடிவை உன் முடிவாக்கிக்கொள்ளாதே. நான் போகாவிட்டால் கூட்டம் அடுத்த வருஷம் நடக்கும். உன் தாயார் அடுத்த வருஷம் இருப்பார்களா?"

அவரும் கணவரும் ஒருமனப்பட்டார்கள். ஜூலை 5 செவ்வாய்க்கிழமை புறப்பட்டார். கொழும்புக் கோட்டையிலிருந்து இரயிலில் போவது என்று முன்கூட்டியே முடிவு செய்தார்கள், ஏனென்றால் பெட்ரோலை நம்பமுடியாது. தாயாருக்கு வேண்டிய மருந்துகள் டாக்டர் சீட்டோடு, பால் பவுடர், பருப்பு, மெழுகுவர்த்தி, சார்ஜ் டார்ச் எல்லாம் பெட்டியில். சொந்தத் துணி இரண்டே செட். தாயார் வீட்டுக்குப் பாரமாக அல்ல, உதவியாகப் போனார்.

ஜூலை 9-ல் கொழும்பில் ஜனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். 13-ம் தேதி ஜனாதிபதி மாலத்தீவுக்குப் போய், அங்கிருந்து சிங்கப்பூர் போய் ராஜினாமா செய்தார். நாங்கள் இங்கே சங்கிலி ஜெபம் நடத்தினோம். சகோதரி திருகோணமலையில் தாயார் பக்கத்திலேயே இருந்தார். 15-ம் தேதி தாயார் மகளுடைய கையைப் பிடித்தபடியே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மாதக் கடைசியில் சகோதரி சமாதானத்தோடு திரும்பி வந்தார்.

ஒரே நாடு, ஒரே வாரம், ஒரே சபை. ஒருவர் நின்றார், ஒருவர் போனார். யாருக்கு விசுவாசம் அதிகம்? இந்தக் கேள்வியே தவறு என்று இப்போது வேதத்திலிருந்து பார்ப்போம்.

வேதம் காட்டும் இரண்டு வழிகள்

வேதாகமக் கல்லூரியில் எங்கள் ஆசிரியர் ஒருவர், "ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஓடாதே. பக்கத்திலிருக்கிற வசனம் என்ன சொல்லுகிறது என்று நின்று கேள்" என்பார். இந்த விஷயத்தில் அது மிகவும் அவசியம்.

பவுல் எருசலேமுக்குப் போனதை எல்லோரும் பிரசங்கிக்கிறோம். செசரியாவில் அகபு என்னும் தீர்க்கதரிசி பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக் காட்டினான். எல்லோரும் அழுது தடுத்தார்கள். பவுலோ, மரிக்கவும் ஆயத்தம் என்று சொல்லிப் புறப்பட்டார் (அப். 21). அல்லேலூயா! ஆனால் அதே பவுல் எபேசுவில் என்ன செய்தார்? தெமேத்திரியு என்னும் தட்டான் கலகத்தை மூட்டி, ஊரே அரங்கசாலைக்குள் கூடியிருந்தது. பவுல் உள்ளே போக மனதாயிருந்தார். சீஷர்கள் விடவில்லை. ஆசியாநாட்டுத் தலைவரில் அவருக்குச் சிநேகிதராயிருந்த சிலரும் வரவேண்டாம் என்று ஆள் அனுப்பினார்கள் (அப். 19:30, 31). பவுல் போகவில்லை! தமஸ்குவிலோ, இராத்திரியில் கூடையில் இறங்கித் தப்பினார் (அப். 9:25). கூடையில் இறங்கின பவுலுக்கு விசுவாசம் இல்லையா?

நம் ஆண்டவரையே பாருங்கள். யூதேயாவில் தம்மைக் கொலைசெய்யத் தேடினபடியால் அங்கே சஞ்சரிக்காமல் கலிலேயாவில் இருந்தார் (யோவான் 7:1). பின்பு லாசரு மரித்தபோது, கல்லெறியப் பார்த்த அதே யூதேயாவுக்குச் சீஷர்கள் தடுத்தும் போனார் (யோவான் 11:7-16). அவருடைய தைரியம் கூடவுமில்லை, குறையவுமில்லை. நேரமும் காரியமும் வேறு.

ஆகவே "போ" என்பதும் தேவசித்தமாயிருக்கலாம், "நில்" என்பதும் தேவசித்தமாயிருக்கலாம். எப்படி அறிவது? ஐந்து கேள்விகளை உங்கள் முன் வைக்கிறேன்.

1. என்னை அனுப்புவது யார்?

பேதுரு தண்ணீர் மேல் நடந்தான், சரி. ஆனால் இறங்குவதற்கு முன்னே, "நீரேயானால் கட்டளையிடும்" என்ற கருத்தில் கேட்டான். ஆண்டவர் வரச் சொன்ன பிறகுதான் காலை வெளியே வைத்தான் (மத்தேயு 14:28, 29). எனக்கு "வாங்க" என்று சொன்னது போனிலிருந்த போதகர். அதுவும் மரியாதைக்காக! நோட்டீஸ் அழைப்பாகாது. கட்டின டிக்கெட் காசு தரிசனமாகாது.

2. நான் போய்த்தான் ஆகவேண்டிய காரியமா?

பவுல் எருசலேமுக்குப் போனபோது கையில் ஒரு பொறுப்பு இருந்தது. பல சபைகள் சேர்த்துக் கொடுத்த தர்மப்பணத்தை ஏழைப் பரிசுத்தவான்களிடம் ஒப்புவிக்கவேண்டும் (ரோமர் 15:25, 26, அப். 24:17). ஆபத்து தெரியாமலும் போகவில்லை. யூதேயாவில் இருக்கிறவர்களிடமிருந்து தான் தப்புவிக்கப்பட ஜெபியுங்கள் என்று முன்னதாகவே எழுதினார் (ரோமர் 15:31). அந்தச் சகோதரியின் தாயாருக்கு மகள் ஒருத்திதான். வேறே ஆள் அனுப்பமுடியாது. என் பிரசங்கத்தை அடுத்த வருஷமும் செய்யலாம், அந்த ஊர்ப் போதகரே என்னைவிட நன்றாகவும் செய்யலாம்.

3. ஆலோசனை சொல்பவருக்கு இதில் லாபம் உண்டா?

அப். 27-ல் பவுல், இந்த யாத்திரை சேதமாகும் என்று எச்சரித்தார். நூற்றுக்கதிபதியோ மாலுமியையும் கப்பலின் எஜமானையும் அதிகமாய் நம்பினான். கப்பல் ஓடினால் எஜமானுக்குக் காசு. கப்பல் போயிற்று, உடைந்தும் போயிற்று. டிக்கெட் விற்கிறவர், "ஒண்ணும் ஆகாது சார், எல்லாரும் போறாங்க" என்றுதான் சொல்லுவார். டி.வி.யோ எரிகிற ஒரே தெருவை நாள் முழுக்கக் காட்டும். இரண்டையும் நம்பி முடிவு எடுக்காதீர்கள். எபேசுவில் பவுலுக்கு ஆள் அனுப்பினவர்கள் அந்த ஊரை அறிந்தவர்கள், பவுலை நேசித்தவர்கள், அவர் போவதாலோ நிற்பதாலோ லாபம் இல்லாதவர்கள். எனக்கு அப்படிப்பட்ட ஆள் போதகருடைய மனைவி. உங்களுக்கு யார்?

4. நான் அங்கே உதவியா, பாரமா?

இந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை. தட்டுப்பாடு உள்ள ஊருக்கு விருந்தாளி போனால், வீட்டுக்காரர் தன் பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்துத்தான் நமக்கு வைப்பார். நம் தமிழ் ஜனங்கள் இல்லை என்று சொல்லமாட்டார்கள். அதனால் நாம்தான் கேட்டு அறியவேண்டும். "வரலாமா?" என்று கேட்காதீர்கள். "நான் வந்தால் யார் வந்து கூட்டிப் போவார்கள்? எதில்? பெட்ரோல் எங்கே கிடைக்கும்? என்ன சமைப்பீர்கள்?" என்று கேளுங்கள். உண்மை வெளியே வரும்.

5. நான் தேவனைப் பரீட்சை பார்க்கிறேனா?

தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்ன பிசாசும் வசனத்தைத்தான் சொன்னான் (மத்தேயு 4:5-7). தூதர்கள் தாங்குவார்கள் என்பது பொய்யல்ல. அவசியமில்லாமல் குதிப்பதுதான் பாவம். அதே சமயம் பயத்துக்கு "ஞானம்" என்று பெயர் வைத்துக்கொள்வதும் பாவமே. என்னையே கேட்டேன்: "பெட்ரோலும் அரிசியும் தாராளமாய் இருந்து, ஆபத்து மட்டும் இருந்தால் நீ போவாயா?" உடனே பதில் வரவில்லை. எனக்குள் பயமும் இருந்தது. அதையும் கர்த்தரிடத்தில் ஒத்துக்கொண்டேன்.

போக முடிவு செய்தால்

ஜெபித்து, வீட்டார் ஒருமனப்பட்டு, போகத்தான் வேண்டும் என்று தெளிவானால், ஆயத்தத்தோடு போங்கள். நெகேமியா ஜெபமும் பண்ணினான், இராப்பகல் ஜாமமும் வைத்தான் (நெகேமியா 4:9).

கலவரம் எந்த ஊரில், நீங்கள் போவது எந்த ஊர் என்று மேப்பை விரித்துப் பாருங்கள். கொழும்பிலிருந்து மட்டக்களப்பு 300 கிலோமீட்டருக்கு மேல். தலைநகரம் கொதித்தாலும் ஊர் அமைதியாயிருக்கலாம். ஆனால் விமான நிலையத்திலிருந்து ஊருக்குப் போகும் வழிதான் சிக்கல். ஊரடங்கு போட்டால் எங்கே தங்குவது என்று முன்பே பேசி வையுங்கள்.

நம் வெளியுறவுத் துறை என்ன எச்சரிப்பு கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். போய்ச் சேர்ந்ததும் நம் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்து, அவசர போன் நம்பரைக் காகிதத்தில் எழுதிப் பையில் வையுங்கள். செல்போன் சார்ஜ் இறங்கினால் நம்பரும் போய்விடும். பயண இன்சூரன்ஸ் எடுப்பவர்கள் பொடி எழுத்தையும் படியுங்கள். யுத்தம், உள்நாட்டுக் கலகம் இவற்றுக்குப் பணம் தரமாட்டோம் என்று பல பாலிசிகளில் இருக்கும்.

ஊழியத்துக்குப் போகிறவர்கள் அதற்குரிய விசாவில் போங்கள். கலவர நேரத்தில் காகிதம் சரியில்லாத அந்நியன் தன்னையும் கெடுத்து, அழைத்த சபையையும் கெடுப்பான். மருந்து, பணம் இரண்டையும் நீங்கள் தங்கும் நாட்களைவிடக் கூடுதலாக எடுத்துப் போங்கள், ஏ.டி.எம்.மை நம்பாதீர்கள். ஊர்வலம், கூட்டம் எதையும் வேடிக்கை பார்க்கவோ போட்டோ எடுக்கவோ நிற்காதீர்கள். தினமும் ஒரு நேரம் வைத்து வீட்டுக்குப் போன் செய்யுங்கள். போன் வராவிட்டால் வீட்டார் யாரைக் கூப்பிடவேண்டும் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஒருவரையொருவர் நியாயந்தீர்க்காதிருப்போம்

பவுலைத் தடுக்க முடியாமற்போனபோது செசரியாவிலிருந்த சகோதரர்கள் என்ன செய்தார்கள்? "சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, பட்டுத் திருந்தட்டும்" என்றார்களா? இல்லை. கர்த்தருடைய சித்தம் ஆகட்டும் என்று அமர்ந்தார்கள் (அப். 21:14). சிலர் அவரோடு கூடவே போனார்கள் (வச. 16). நம் சபையில் போகிறவரைப் பைத்தியம் என்று சொல்லவேண்டாம், நிற்கிறவரை அவிசுவாசி என்று சொல்லவேண்டாம். இரண்டு பேருக்கும் ஜெபம் வேண்டும்.

இன்னொன்று. ஜூலை 9-ம் தேதிச் செய்தி வந்தபோது அந்த மூத்த சகோதரரே வந்து, "பாஸ்டர், பாத்தீங்களா, கர்த்தர் உங்களைத் தப்புவித்தார்!" என்றார். நான் இல்லையென்று தலையசைத்தேன். நான் போயிருந்தாலும் பத்திரமாகத் திரும்பியிருக்கலாம். சகோதரி திரும்பி வரவில்லையா? பின்னால் என்ன நடந்தது என்பதை வைத்து, முன்னே எடுத்த முடிவு சரியா தவறா என்று அளக்கக்கூடாது. எருசலேமுக்குப் போன பவுல் கட்டப்பட்டார், அதற்காக அவர் போனது தவறல்ல.

2023 ஜனவரியில் கர்த்தர் வாசல் திறந்தார். மட்டக்களப்புக்குப் போனேன். அப்போதும் கியூ.ஆர். அட்டையில்தான் பெட்ரோல் கிடைத்தது, ஆனால் வரிசை இல்லை. போதகர் மோட்டார் சைக்கிளில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். வழியில் சொன்னார்: "பாஸ்டர், அண்டைக்கு நீங்க வரல்ல எண்ட உடன கொஞ்சம் கவலைதான். ஆனா வரிசையில நிண்டு எடுத்த அந்தப் பெற்றோலிலதான் ரெண்டு நாள் கழிச்சு பக்கத்து வீட்டுப் பிள்ளையப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனம்."

நான் பின்னால் உட்கார்ந்து அழுதேன். ஹெல்மெட் போட்டிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை.

அந்த மூன்று நாளும் பெரிய மேடை இல்லை, என் போட்டோ போட்ட நோட்டீஸும் இல்லை. நாற்பது, ஐம்பது பேர் பாயில் உட்கார்ந்து ஜெபித்தோம். கர்த்தர் இறங்கி வந்தார்.

சிந்திக்க: (1) நான் எடுத்திருக்கும் முடிவு ஜெபத்துக்கு முன்னா, பின்னா? (2) எனக்கு உண்மையைச் சொல்லக்கூடிய ஒருவர் அந்த ஊரில் இருக்கிறாரா? (3) என் பயணத்தால் யாருடைய தட்டு குறையும்?

ஜெபம்: அன்புள்ள பிதாவே, போ என்று நீர் சொன்னால் போகத் தைரியம் தாரும். நில் என்று நீர் சொன்னால் நிற்கத் தாழ்மை தாரும். கலங்கியிருக்கிற நாடுகளில் சமாதானத்தைக் கட்டளையிடும். வழியில் இருக்கிற எங்கள் பிள்ளைகளைக் காத்தருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும் பிதாவே. ஆமென்.